அக்கா அரைக்கிறாங்க

ஜூன் 3

அன்புள்ள அக்காவுக்கு,

போனை எடுக்க மாட்டேன் என்று நீ சொன்னது சொன்னதாகவே இருக்கிறது. மூன்று வருஷத்தில் ஒரு தடவைகூடத் தவறி எடுக்கவில்லை. உன் வைராக்கியத்துக்கு ஒரு கும்பிடு. அதனால்தான் கடிதம். உங்கள் ஊர் பஸ் டிரைவர், நம் ஆரன் அண்ணன், கொண்டுவந்து தருவதாக ஒத்துக்கொண்டார். "எழுதிக் குடுங்க தம்பி, கிழிக்கிறதா இருந்தாலும் அவங்க கையாலேயே கிழிக்கட்டும்" என்றார்.

முதலில் ஆபீஸ் விஷயம். உன் வீட்டுப் பின்பக்கம், மில் சுவரை ஒட்டிப் புதைத்திருக்கிறோமே, நடுக்கத்தை அளந்து ரேடியோவில் எங்களுக்கு அனுப்புகிற பெட்டி, அதற்கு பேட்டரி மாற்ற வேண்டும். மலையின் உங்கள் பக்கத்தில் எங்கள் கண்காணிப்பு நிலையம் வைத்த மூன்று பெட்டிகளில் இரண்டு போய்விட்டன. ஒன்றின் மேல் மண் சரிந்தது. இன்னொன்றின் சோலார் தகட்டை யாரோ கழற்றிப் போய்விட்டார்கள். மிச்சம் உன் வீட்டுப் பெட்டி மட்டும்தான். நானே வந்து மாற்றட்டுமா? வாசலோடு நின்று, வேலையை முடித்துவிட்டுப் போய்விடுகிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், சிரிக்காதே. உன் மில் ஓடும்போது இங்கே என் திரையில் உன் வீட்டுக் கோடு தடித்துப்போகும். உடனே ஆபீசில் யாராவது ஒருவர், "சார், உங்க அக்கா அரைக்கிறாங்க" என்பார். அப்புறம் அந்த மில் நடுக்கத்தைக் கழித்துவிட்டு மிச்சத்தைத்தான் கணக்கில் எடுப்போம். நீ பேசாத இந்த மூன்று வருஷமும் எனக்கு உன்னைப் பற்றிய செய்தி அந்தக் கோடு ஒன்றுதான். கோடு தடித்தால், அக்கா நன்றாக இருக்கிறாள், மாமா மெஷினுக்குப் பக்கத்தில் நின்று பீடியை மறைத்துக் குடிக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன். டிசம்பரிலிருந்து கோடு மெலிந்தே கிடந்தது. பயந்துபோனேன். ஏப்ரலில் மறுபடி தடித்ததும் ஆபீசில் எல்லாருக்கும் இனிப்பு வாங்கிக் கொடுத்தேன்.

ஆனால் இப்போது ராத்திரியிலும் ஓட்டுகிறாயே, எதற்கு? ஒரு மணி நேரம் ஓடுகிறது, நிற்கிறது, மறுபடி ஓடுகிறது. உடம்பு என்னத்துக்கு ஆகும்? மாமாவிடம் நான் கேட்டதாகச் சொல்.

உன்,
சின்னவன்


ஜூன் 6

சின்னவனுக்கு,

கிழிக்கத்தான் நினைத்தேன். உன் கையெழுத்து இன்னும் கோழி கிளறின மாதிரியே இருப்பதைப் பார்த்து, என்னதான் எழுதியிருக்கிறாய் என்று படித்துத் தொலைத்தேன்.

என் வாசலை நீ மிதிக்கக் கூடாது. அப்பாவைப் புதைத்த அன்று சொன்னதுதான், இன்றைக்கும் அதுதான். "நிச்சயமா மலை வெடிக்கும் அக்கா, பத்து நாள்ல வெடிக்கும்" என்று ஊர் நடுவில் நின்று சொன்னாயே. உன் பேச்சை நம்பி எத்தனை குடும்பம் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பியது! படுக்கையில் இருந்த மனுஷனை நாலு பேர் தூக்கி லாரியில் போட்டோம். பள்ளிக்கூட வராந்தாவில், சிமென்ட் தரையில், தெரியாத ஆட்களின் இருமலுக்கு நடுவில், "வீட்டுக்குப் போகணும்மா" என்று கேட்டுக் கேட்டே அப்பா செத்தார். மலை ஒரு தும்மல்கூடப் போடவில்லை. நாங்கள் திரும்பி வந்தபோது ஆட்டைக் காணோம், மாட்டைக் காணோம், கதவைக்கூடக் காணோம். பாதிப் பேர் அதோடு ஊரை விட்டே போய்விட்டார்கள். தபால் ஆபீசும் போச்சு, நர்சும் போனாள். மலை வந்து கொல்லவில்லையடா, நீ வந்து கொன்றாய். இதை நான் தெருவில் நின்றும் சொல்லியிருக்கிறேன், உன் காதுக்கும் வந்திருக்கும்.

நான் எப்போது அரைத்தால் உனக்கு என்ன? பகலில் அரைப்பேன், ராத்திரி அரைப்பேன், அது என் மில். உன் மாமா நன்றாகத்தான் இருக்கிறார்.

பேட்டரியை டிரைவரிடம் கொடுத்தனுப்பு. போன தடவை நீ மாட்டியபோது பார்த்துக்கொண்டுதானே இருந்தேன், சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. அதற்கு ஒரு பெரிய படிப்பு தேவையில்லை.

கீழே குவாரிக்காரர்கள் ராவும் பகலும் கல் உடைக்கிறார்கள் போல. அலமாரியில் டம்ளரெல்லாம் கிணுகிணு என்று ஒரே சத்தம். தூக்கம் போய்விட்டது. உனக்குத் தெரிந்த அதிகாரி யாராவது இருந்தால் சொல்லி நிறுத்தப் பார். அந்த உபகாரமாவது செய்.

அக்கா


ஜூன் 9

அன்புள்ள அக்காவுக்கு,

பேட்டரியைக் கொடுத்தனுப்பியிருக்கிறேன். மாட்டும்போது செருப்புப் போட்டுக்கொள்.

அப்பாவைப் பற்றி நீ எழுதியதற்கு ஒன்று சொல்கிறேன். அந்தத் தடவை மலைக்கு அடியில் பாறைக் குழம்பு ஏறியது நிஜம். ஏறின குழம்பு பாதியில் நின்று ஆறிப்போனதும் நிஜம். அப்படியும் ஆகும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் "நிச்சயம்" என்ற வார்த்தையைச் சொன்னேன். அது என் வாய்க்கொழுப்பு.

இப்போது நான் கேட்கப்போவதைக் கோபப்படாமல் கேள். கடலுக்கு அடியில் இருக்கிற பெரிய பாறைத் தட்டு, நம் கரைக்குக் கீழே நுழைந்துகொண்டே இருக்கிறது. நகம் வளர்கிற வேகம்தான். ஆனால் நுழையும்போது கடல் நீரையும் சேர்த்து உள்ளே இழுத்துப்போகிறது. ஆழத்தில் அந்த நீர் கசிந்து மேலே இருக்கிற பாறையை உருக வைக்கும். உருகியது லேசாகி, வழி தேடி மேலே ஏறும். நம் மலை அந்த வழியின் புகைபோக்கி. அவ்வளவுதான் அக்கா, இதில் சாபமும் இல்லை, பாவமும் இல்லை. தட்டு நுழைவதால் தரை ஆடுகிறது, குழம்பு ஏறுவதால் மலை வெடிக்கிறது.

இந்த மாதம், மலையின் கிழக்குத் தோளில் நட்டிருக்கிற எங்கள் கம்பம் நான்கு விரல் அகலம் வெளியே தள்ளியிருக்கிறது. மலை உப்புகிறது. ஆனால் உப்பினால் போதாது, கூடவே அதிர வேண்டும். அதிர்கிறதா என்று பார்க்க உங்கள் பக்கத்தில் எனக்கு இருப்பது உன் வீட்டுப் பெட்டி ஒன்றுதான். அதில் மில் ஓடிக்கொண்டே இருக்கிறது. எங்கள் தலைமை அதிகாரியிடம் சொன்னேன். "மாவு மில் சத்தத்த வச்சுக்கிட்டு இன்னொரு தடவ ஊரக் காலி பண்ணச் சொல்றியா? போன தடவ வாங்கினது போதாதா?" என்றார். அவர் கேட்பதும் நியாயம்தான்.

அதனால் ஒரே ஒரு உதவி. இரண்டு நாள் மில்லை நிறுத்தி வை. முழுசாக இரண்டு நாள். எனக்குச் சுத்தமான கோடு வேண்டும். அதில் ஒன்றும் இல்லை என்றால் இனிமேல் உன்னைத் தொந்தரவு செய்யவே மாட்டேன்.

குவாரியைப் பற்றி விசாரித்தேன். போன வருஷமே மூடிவிட்டார்களாம். உனக்கு யார் சொன்னது?

சின்னவன்


ஜூன் 12

சின்னவனே,

எந்த மில்லை நிறுத்தச் சொல்கிறாய்?

இதை எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். உனக்குத் தெரிந்தால் ஓடி வருவாய், வந்தால் நான் விரட்ட வேண்டும், விரட்டினால் அவருக்குப் பொறுக்காது. அவருக்கு உன் மேல் எப்போதும் ஒரு செல்லம். அதனால் சொல்லவில்லை. டிரைவரிடமும் சத்தியம் வாங்கியிருந்தேன்.

டிசம்பர் மாதம் உன் மாமா மெஷினில் தானியத்தைக் கொட்டிக்கொண்டிருக்கும்போதே விழுந்துவிட்டார். பக்கவாதம். வலது பக்கம் முழுக்க வரவில்லை. வாய் கோணிக்கொண்டது. பேசினால் எனக்கு மட்டும்தான் புரியும். கீழே இருந்து ஒரு டாக்டரைக் கெஞ்சிக் கூட்டிவந்தேன். இதயமும் பலவீனமாக இருக்கிறதாம். "ஆட்டாம அசைக்காம வச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு மில் பெல்ட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். அப்புறம் மாட்டவே இல்லை. அரைக்க வருகிறவர்களைக் கீழ் ஊருக்குப் போகச் சொல்லிவிட்டேன். மெஷின் மேல் இப்போது பூனை குட்டி போட்டிருக்கிறது.

நீ ஏப்ரலில் இனிப்பு கொடுத்தாயாமே. நான் அப்போது இவருக்குக் கஞ்சியை ஸ்பூனில் ஊட்டிக்கொண்டிருந்தேன்.

குவாரி என்று யாரும் சொல்லவில்லை. ராத்திரியில் தரை உறுமுகிறது, அதனால் குவாரி என்று நினைத்தேன். வேறென்ன நினைப்பது?

இதற்கு உடனே பதில் போடு.

அக்கா


ஜூன் 13

அக்கா,

மில் ஓடவில்லை என்றால் அது மலை.

ஏப்ரலிலிருந்து மலை. பகலும் மலை, ராத்திரியும் மலை. குழம்பும் வாயுவும் இடுக்கில் புகுந்து ஏறும்போது விட்டு விட்டு இப்படித்தான் அதிரும், ஒரு மணி நேரம் அதிரும், நிற்கும், மறுபடி அதிரும். மோட்டார் ஓடுவதற்கும் அதற்கும் கோட்டில் பெரிய வித்தியாசம் தெரியாது. தெரிந்திருக்க வேண்டும். வேறு யாருடைய மில்லாக இருந்தாலும் போன் போட்டு, "ஓடுதா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பேன். உன்னிடம் கேட்க முடியாதே. அதனால் தினமும் காலையில் வந்து உட்கார்ந்து, மில் என்று பெயர் போட்டு, என் கையாலேயே கழித்தேன். உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்துச் சந்தோஷமாகக் கழித்தேன் அக்கா.

நேற்று ராத்திரியோடு ராத்திரியாகக் கழித்ததையெல்லாம் திரும்பச் சேர்த்துப் போட்டுப் பார்த்தேன். வாரத்துக்கு வாரம் ஏறிக்கொண்டே போகிறது. இடைவெளி குறைந்துகொண்டே வருகிறது.

கிளம்பு. மாமாவைக் கூட்டிக்கொண்டு கிளம்பு. அவர் விழுந்ததை எனக்குச் சொல்லாமல் இருந்துவிட்டாயே என்று சண்டை போட எனக்கு இப்போது நேரமில்லை. போடுவேன், அப்புறம் கட்டாயம் போடுவேன். நானே வந்து தூக்கிப்போகலாம். ஆனால் நான் இந்த நாற்காலியை விட்டு எழுந்தால் தலைமை அதிகாரியின் கழுத்தைப் பிடித்து உத்தரவு வாங்க இங்கே வேறு ஆளில்லை. ஒரு வீட்டுக்காக வருவதா, ஊருக்காக இருப்பதா என்று தெரியாமல் முழிக்கிறேன்.

போனை எடு. தயவுசெய்து போனை எடு.

சின்னவன்


ஜூன் 15

சின்னவனுக்கு,

போனை எடுக்கலாம் என்று முடிவுசெய்து கையில் எடுத்தபோது டவர் இல்லை. நேற்று மத்தியானம் ஒரு ஆட்டம் ஆடியது, அதில் டவர் கம்பம் சாய்ந்துவிட்டது. மில் சுவரில் மேலிருந்து கீழ் வரை வெடிப்பு, என் கை உள்ளே போகிறது. பூனை குட்டிகளைக் கவ்விக்கொண்டு எங்கேயோ போய்விட்டது. கிணற்றுத் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கிறது, முட்டை அழுகின நாற்றம். நான் பயந்தாங்கொள்ளி இல்லை என்று உனக்குத் தெரியும். பயமாக இருக்கிறது.

அக்கம்பக்கத்தில் சொன்னேன். சிரிக்கிறார்கள். "என்ன, உங்க தம்பி மறுபடியும் ஆரம்பிச்சிட்டாரா?" என்கிறார் எதிர் வீட்டுத் தையல்காரர். யார் சொல்லிக்கொடுத்த சிரிப்பு அது? நான் சொல்லிக்கொடுத்ததுதான். மூன்று வருஷம் தெருவில் நின்று உன் பெயரை நாறடித்தேன். இப்போது அதே வாயால் எப்படிக் கூப்பிடுவது?

அதெல்லாம் கிடக்கட்டும். இவரை நான் எப்படித் தூக்குவது, அதைச் சொல். படுக்கையில் ஒரு பக்கம் புரட்டினாலே மூச்சு வாங்குகிறது, உதடு நீலம் பாய்கிறது. நம் ரோடு உனக்குத் தெரியாதா, நல்ல மனுஷனுக்கே குடல் வாய்க்கு வந்துவிடும். அப்பாவையும் இப்படித்தான் தூக்கினோம். தூக்கினால் சாவார் என்று டாக்டர் சொல்கிறார். தூக்காவிட்டால் சாவார் என்று நீ சொல்கிறாய். நான் யார் பேச்சைக் கேட்பது? உனக்கென்ன, நீ கோட்டைப் பார்த்துச் சொல்லிவிடுவாய். தலையைப் பிடித்துக்கொண்டு உட்காரப்போவது நான்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். நிச்சயமா? நிச்சயம் என்று மட்டும் சொல்லிவிடு, நான் கிளம்புகிறேன். இல்லையென்றால் இங்கேயே இவர் கையைப் பிடித்துக்கொண்டு இருந்துவிடுகிறேன். அவர் சொந்தப் படுக்கையிலாவது சாகட்டும்.

அக்கா


ஜூன் 17

அக்கா,

நிச்சயம் இல்லை.

நிச்சயம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எழுதினால் நீ கிளம்புவாய். ஆனால் போன தடவை சொன்ன அதே பொய்யை இந்தத் தடவையும் சொல்லி உன்னைக் கிளப்ப என்னால் முடியாது. பத்துத் தடவை இப்படி ஆனால் ஆறேழு தடவை வெடிக்கும். மூன்று தடவை அப்படியே அடங்கிவிடும். வெடித்தால் உங்கள் ஊர் இருக்காது. மேலேயிருந்து நெருப்பும் கல்லும் சாம்பலும் ஒரு மேகம் மாதிரி உருண்டு வரும், பஸ்ஸைவிட வேகமாக. அதற்கு முன்னால் ஓடி யாரும் தப்பித்ததில்லை. அது வருவதற்கு முன்பே அங்கே இல்லாமல் இருப்பதுதான் ஒரே வழி.

மாமா தாங்குவாரா என்று எனக்குத் தெரியாது. தாங்காமல் போய், மலையும் வெடிக்காமல் போனால், அப்புறம் உன் முகத்தில் நான் முழிக்கவே முடியாது. உனக்கு ஒரு தம்பி இருந்தான் என்பதையே மறந்துவிடு. அதற்கும் சம்மதித்துத்தான் சொல்கிறேன், கிளம்பு.

தலைமை அதிகாரியிடம் இரண்டு நாளாகப் போராடுகிறேன். பழைய கோடு, புதுக் கோடு இரண்டையும் அவர் மேஜையில் பரப்பினேன். "அப்ப இத்தன நாளா நாம அழிச்சுக்கிட்டிருந்தது..." என்றார், முடிக்கவில்லை. அன்றைக்கே மேலிடத்துக்கு எழுதிவிட்டார். மேலிடமோ, எச்சரிக்கை மட்டும் கொடுக்கலாம், கட்டாயப்படுத்த வேண்டாம் என்கிறது. அவர்களுக்கும் போன தடவை சூடு பட்டிருக்கிறது. அதனால் வண்டி வராது, ஆம்புலன்ஸ் வராது. ஆரன் அண்ணனின் பஸ்தான். அவரிடம் பேசிவிட்டேன். டிப்போவில் கேட்காமலேயே எத்தனை நடை வேண்டுமானாலும் அடிக்கிறேன் என்றார். கடைசி சீட்டு முழுக்க மாமாவுக்கு. மெத்தையோடு தூக்குங்கள். தலையை உயரமாக வை.

பாலத்தைத் தாண்டிவிடு. ஆற்றுக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டால் போதும்.

சின்னவன்


ஜூன் 18, காலை

சின்னவனே,

அவசரத்தில் எழுதுகிறேன். போன தடவை நிச்சயம் என்றாய், நம்பிக் கெட்டேன். இந்தத் தடவை தெரியாது என்கிறாய். அதனால் நம்புகிறேன்.

இவருக்கு உன் கடிதம் முழுவதையும் படித்துக் காட்டினேன். தாங்குவீர்களா தெரியாது என்று எழுதியிருப்பதையும் விடாமல் படித்தேன். அந்தக் கோணல் வாயால், "போலாம்" என்றார். "நீங்க எனக்காகச் சொல்றீங்களா?" என்று கேட்டேன். "பின்ன, பூனைக்காகவா?" என்றார். இந்த நிலைமையிலும் கிண்டல்.

தெருவுக்குப் போய் நடுவில் நின்று கத்தினேன். "மூணு வருஷமா அவன வாய்க்கு வந்தபடி திட்டினவ நான். எங்க அப்பாவ அள்ளிக் குடுத்தவ நான். நானே கிளம்புறேன், படுத்த படுக்கையா இருக்கிறவரத் தூக்கிட்டுக் கிளம்புறேன். இதுக்கு மேல உங்க இஷ்டம்!" என்றேன். அப்புறம் தையல்காரர் உள்ளே போய், தையல் மெஷினின் தலையைக் கழற்றித் துணியில் சுற்றிக்கொண்டு வந்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும் மூட்டை கட்ட ஆரம்பித்தார்கள்.

முதல் நடையில் பிள்ளைகுட்டிக்காரர்களை அனுப்புகிறேன். இந்தக் கடிதமும் அந்த நடையில் வருகிறது. இரண்டாவது நடையில் மிச்சப் பேரோடு நாங்கள் வருகிறோம். மலை இப்போது சத்தமே இல்லாமல் இருக்கிறது. அதுதான் பிடிக்கவில்லை.

அக்கா


ஜூன் 20

அக்காவுக்கு, அல்லது அக்காவைப் பார்த்தவர்களுக்கு,

இதே கடிதத்தை ஆறு தடவை எழுதி ஆறு முகாமுக்கும் கொடுத்தனுப்புகிறேன். மாவு மில்காரம்மா என்று கேளுங்கள். உயரமாக இருப்பாள், குரல் பெரிதாக இருக்கும், கூட நடக்க முடியாத ஒருவர் இருப்பார்.

அக்கா, முதல் நடை வந்து சேர்ந்தது. உன் கடிதமும் வந்தது. இரண்டாவது நடையைப் பற்றி யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. பதினெட்டாம் தேதி சாயங்காலம் உன் வீட்டுக் கோடு திரையின் இரண்டு ஓரத்தையும் தொட்டது, அப்புறம் நின்றுவிட்டது. பெட்டி எரிந்திருக்கும். ஒரு மணி நேரத்தில் இங்கேயே இருட்டிவிட்டது. சாம்பல் கொட்டுகிறது. நேற்று மழையும் சேர்ந்து, நனைந்த சாம்பல் கனம் தாங்காமல் கூரைகள் உட்காருகின்றன. ஆஸ்பத்திரிக் கூரையும் உட்கார்ந்துவிட்டது. ஆற்றில் தண்ணீர் இல்லை, சேறு வருகிறது, வீடு அளவு பாறைகளை உருட்டிக்கொண்டு. பாலத்தை அது கொண்டுபோய்விட்டது. நீ அதற்கு முன்னால் தாண்டினாயா, இல்லையா, அதைத்தான் எல்லாரிடமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு இரண்டு முகாமுக்கு நடந்தே போய்ப் பார்த்தேன். எல்லார் முகமும் ஒரே சாம்பல் நிறம். ஒரு பெண்ணின் தோளைப் பிடித்துத் திருப்பினேன், அவள் நீ இல்லை. அவளும் யாரையோ எதிர்பார்த்துத்தான் திரும்பினாள்.

ஆபீசில் என்னைப் பாராட்டுகிறார்கள். எச்சரிக்கை கேட்டுக் கிளம்பிய பக்கத்து ஊர்களையும் சேர்த்து ஐந்நூறு பேர் பிழைத்தார்களாம். எனக்கு ஒருத்தி வேண்டும். ஒரு வார்த்தை அனுப்பு. திட்டியாவது அனுப்பு.

சின்னவன்


ஜூன் 23

சின்னவனுக்கு,

உயிரோடு இருக்கிறேன். நூல் ஆலைக் கிடங்கில் வைத்திருக்கிறார்கள், இங்கே போன் எல்லாம் இல்லை. உன் கடிதத்தை மூன்று பேர் கைமாற்றிக் கொடுத்தார்கள். "குரல் பெரிதாக இருக்கும்" என்று எழுதியிருக்கிறாய். இப்போது குரலே இல்லை, சாம்பல் அடைத்துவிட்டது.

மாமா இல்லை.

எப்படி என்று கேட்பாய். மெத்தையோடு தூக்கிக் கடைசி சீட்டில் வைத்தோம். தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன், நீ சொன்ன மாதிரி உயரமாக. ஊர் எல்லை தாண்டும்வரை கண் திறந்துதான் இருந்தார். மலை பாதி இறங்கியிருப்போம், ஒரு வளைவில் பஸ் குலுங்கியது. என் விரலைப் பிடித்திருந்த இடது கை விட்டுப்போனது. மூக்கில் கை வைத்துப் பார்த்தேன். அவ்வளவுதான்.

நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் பஸ் நின்றுவிடும். நம் ஆட்களை உனக்குத் தெரியும், செத்தவரை வைத்துக்கொண்டு மேலே போக மாட்டார்கள். இறக்குவோம் என்பார்கள், திரும்பிக் கொண்டுபோய் வீட்டில் போடுவோம் என்பார்கள். ஏற்கெனவே இரண்டு பேர், மலை சும்மாதானே இருக்கிறது, திரும்பிவிடலாம் என்று முனக ஆரம்பித்திருந்தார்கள். ஒரு சாக்குக் கிடைத்தால் போதும் அவர்களுக்கு. அதனால் துண்டை எடுத்து வெயில் படாமல் மூடுகிற மாதிரி அவர் கண் வரைக்கும் மூடினேன். பேசிக்கொண்டே வந்தேன். "இதோ வந்துட்டோம், இன்னும் கொஞ்ச தூரம்தான், தண்ணி வேணுமா?" என்று கேட்டேன். தையல்காரர் திரும்பி, "எப்படி இருக்கார்?" என்றார். "இப்பத்தான் கண்ண மூடினார், எழுப்பாதீங்க" என்றேன். பொய்யும் இல்லை, நிஜமும் இல்லை. டிரைவர் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது. வேகத்தைக் கூட்டினார்.

பாலத்தைத் தாண்டி, மேட்டில் நிறுத்தி, எல்லாரும் இறங்கின பிறகுதான் சொன்னேன். என்னை எல்லாரும் ஒரு மாதிரி பார்த்தார்கள். ஒரு அம்மா, "இப்படியும் ஒரு கல்மனசு உண்டா?" என்று என் காதுபடவே சொன்னாள். நான் அந்த மலையையே பார்த்துக்கொண்டு நின்றேன். அது அப்படியே நின்றது. பச்சையாக, அமைதியாக, ஒன்றுமே நடக்காத மாதிரி. அடப்பாவி, இந்தத் தடவையும் ஏமாற்றிவிட்டதா, இவரையும் வீணாகத் தூக்கிவந்துவிட்டேனா என்று நினைத்தபோது எனக்குப் பைத்தியம் பிடிக்காமல் இருந்தது பெரிது. உன்னை நினைத்தேன். நல்லபடியாக நினைக்கவில்லை.

அப்புறம் அது வெடித்தது. நாம் பிறந்த வீடு, அப்பாவைப் புதைத்த இடம், வர மாட்டேன் என்று தங்கிவிட்ட பதினோரு பேர், எல்லாவற்றின் மேலும் அந்தக் கறுப்பு மேகம் உருண்டு வந்ததைப் பார்த்தோம். எல்லாரும் தலையில் அடித்துக்கொண்டு அழுதார்கள்.

எனக்கு நிம்மதியாக இருந்தது.

ஊரே எரிவதைப் பார்த்து, இவர் வீணாகச் சாகவில்லை என்று நிம்மதியாக இருந்தது. ஒரு மூச்சு விடுகிற நேரம்தான். ஆனால் இருந்தது. அந்தப் பதினோரு பேரில் உப்பு, புளி கொடுத்து வாங்கின வீட்டுக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பிள்ளைகள் இதே கிடங்கில் என் பக்கத்தில்தான் படுத்திருக்கிறார்கள். அவர்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இதை நான் யாரிடம் சொல்வது?

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். கோடு திரையின் இரண்டு ஓரத்தையும் தொட்டபோது உனக்கும் அப்படித்தானே இருந்தது? நான் செத்திருப்பேனோ என்று பதறுவதற்கு முன்னால், நீ சொன்னது சரியாகிவிட்டது என்று ஒரு நொடி நிம்மதி? எழுதி அனுப்பாதே. வந்து, என் முகத்தைப் பார்த்து, ஆமாம் என்று சொல்.

அக்கா